உப்புக் காற்றும் ஒரு பழைய வண்டியும்

யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே காற்றின் சுவை மாறிவிடுகிறது. இருபுறமும் ஆழமில்லாக் கடல். நடுவே நேரான வீதி. மண்டைதீவைத் தொட்டு, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்களைக் கடந்தால் புளியங்கூடலை அடையலாம். சரவணை, நாரந்தனை, கரம்பொன் ஆகியவை சுற்றியுள்ள ஊர்கள். அதற்கும் அப்பால் போனால் ஊர்காவற்றுறை. அங்கே கடலின் நடுவே பழைய அம்மன்னீல் கோட்டை நிற்கிறது. இந்தத் தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லைடன். நம்மவர்களுக்கு அது வேலணைத் தீவு.

புளியங்கூடல் என்ற பெயரிலேயே ஒரு புளியமரம் நிழல் தருகிறது. பனையும் வயலும் கிணறும் கோயில் மணியும் கொண்ட அமைதியான ஊர். இந்த ஊரைப் பற்றி எழுத வந்து ஒரு பழைய வண்டியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சகோதரிகள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தீவகத்தில் ஒரு வாகனம் என்பது ஆடம்பரம் அல்ல. பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பதும், நெல் மூட்டையைக் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு வருவதும், மணப்பெண்ணின் சீர்வரிசையை ஏற்றிச் செல்வதும் வாகனம்தான். அந்த வாகனம் பழுதானால் முதலில் சிரமப்படுவது வீட்டுப் பெண்களே!

பஞ்சத்தில் பிறந்த வண்டி

மேடு பள்ளத்திலும் மணலிலும் ஓடும் வண்டி என்றால் நம் மக்கள் எல்லாவற்றையும் 'ஜீப்' என்றே சொல்லிவிடுவார்கள். உண்மையில் ஜீப் என்பது இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் பெருமளவில் தயாரான வண்டி. போர் முடிந்த பின் அவற்றில் பல, தோட்டக்காரர்களின் கைக்கு வந்தன. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியில் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொரிஸ் வில்க்ஸ் என்பவரும் ஒரு பழைய ஜீப்பைத் தம் பண்ணையில் ஓட்டி வந்தார். அந்தப் பண்ணை இருந்தது ஆங்கிள்ஸி என்னும் தீவில். 1947இல் அத்தீவின் கடற்கரை மணலில் அவர் ஒரு புதிய வண்டியின் உருவத்தை வரைந்து, கம்பெனியை நிர்வகித்த தம் சகோதரர் ஸ்பென்ஸருக்குக் காட்டினார் என்பது வரலாறு. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வண்டி அறிமுகமானது. அதுதான் லேண்ட் ரோவர்!

அந்த வண்டியின் மேனி ஏன் அலுமினியத்தால் ஆனது தெரியுமா? அழகுக்காக அல்ல. போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புக்குப் பங்கீடு. கேட்ட அளவு உருக்குத் தகடு கிடைக்காது. அலுமினியக் கலவைத் தகடோ தாராளமாகக் கிடைத்தது. ஆகவே அடிச்சட்டத்தை மட்டும் இரும்பில் செய்து, மேனியை அலுமினியத்தில் போர்த்தினார்கள். ஆக, அது பஞ்சம் பெற்ற பிள்ளை. ஒரு தீவின் மணலில் கருவான வண்டி, உலகமெங்கும் தோட்டங்களிலும் காடுகளிலும் தீவுகளிலும் உழைத்தது. அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

தீவக மக்களுக்கு இந்தப் பெயர் ஒரு துயரத்தையும் நினைவூட்டும். 1992 ஆகஸ்ட் 8 அன்று இதே தீவின் அராலி முனையில், மூத்த இராணுவ, கடற்படை அதிகாரிகள் சென்ற லேண்ட் ரோவர் வண்டி வெடியில் சிக்கிச் சிதறியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1990 ஆகஸ்டில், மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பகுதிகளில் பல இளைஞர்கள் பிடிக்கப்பட்டுக் காணாமற் போனார்கள். வீடும் மாடும் வண்டியும் விட்டு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். இரும்புச் சாமான் கடையும் லொறியும் தையல் இயந்திரமும் கைவிட்டுப் போயின. வெளியேறியவர்களின் பெரும்பகுதியினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். கடை போனால் பொருள் மட்டும் போவதில்லை. எந்த ஆணி எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று கண்ணால் பார்த்தே சொல்லும் அறிவும் ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

1990ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் முறையாக வராது. மின்சாரமும் இல்லை. ஆனாலும் பழைய ஒஸ்டின் கார்களும் மொரிஸ் கார்களும் ஓடின. எப்படி?

ஒரு சிறு போத்தலில் மிச்சம் பிடித்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் கொண்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். அது நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பெற்றோல் குளிர்ந்த எஞ்சினிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாக நல்ல சூடு வேண்டும். இதுதான் சூட்சுமம். இங்கிலாந்தில் 1940களிலும் 50களிலும் பெர்குசன் உழவு இயந்திரங்கள் சில இதே முறையில்தான் வேலை செய்தன. பழைய எஞ்சின்களில் காற்றையும் எண்ணெயையும் அழுத்தும் விகிதம் குறைவு. அதனால் மட்டமான எண்ணெயையும் அவை பொறுத்துக்கொண்டன. புதிய கார்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது!

ஆனால் இதற்கும் விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். புகை கண்ணைக் கரிக்கும். எஞ்சினின் ஆயுள் குறையும். அதைவிடப் பெரிய விலையை வீட்டுப் பெண்கள் கொடுத்தார்கள். அதே மண்ணெண்ணெயில்தானே அடுப்பும் எரிய வேண்டும்? பிள்ளை படிக்க விளக்கும் எரிய வேண்டும்? ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டு, சொட்டு எண்ணெயில் இரவைக் கழித்த தாய்மார்கள் அந்தக் காலத்தில் ஏராளம். வண்டிக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று அளந்து பிரித்தது அவர்களின் கை.

அந்த அறிவு வீண் போகவில்லை. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, இப்படியும் சமாளிக்கலாம் என்பதை ஏற்கெனவே வாழ்ந்து பார்த்தவர்கள் வடக்கு மக்கள். 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பதைச் சொல்லவே வேண்டாம். பழைய இரும்புக்குப் போகவிருந்த வண்டியை வீட்டு முற்றத்திலேயே எழுப்பிவிடலாமா என்று பல குடும்பங்களில் பேச்சு எழுந்தது இயல்புதானே!

முற்றத்தில் வண்டி வந்தால்

உங்கள் வீட்டு ஆண்களும் அப்படி ஒரு பழைய வண்டியைக் கொண்டுவந்து கொட்டிலில் நிறுத்தினால் என்ன செய்வீர்கள்? கோபப்படுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் நிறத்தை அல்ல, அடிச்சட்டத்தை. சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாகச் சப்தமிடும். இந்தச் சட்டம் உள்ளே கூடாக இருப்பதால் துரு உள்ளிருந்தே தின்னும், வெளியே தெரியாது. சட்டம் முழுதும் உளுத்திருந்தால் செலவு எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தகைய வண்டியை வேண்டாம் என்று சொல்வதும் அறிவே.

அலுமினிய மேனிக்குத் துரு ஏறாது என்பார்கள். பாதி உண்மை. அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். வெள்ளைத் தூளாகப் பூத்து உதிரும். உப்புக் கரைசலை அலுமினியச் சட்டியில் நாட்கணக்கில் விட்டால் வெண்புள்ளி விழுகிறதல்லவா? அதைப் போன்றதே. ஆகவே இரண்டு உலோகங்களுக்கும் இடையே ரப்பரோ, நல்ல அடிப்பூச்சோ இருக்க வேண்டும்.

இரண்டாவது ஒழுங்கு. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கைபேசியில் படம் பிடித்து, ஆணிகளைத் தனித்தனி டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். மல்லிக்கும் சீரகத்துக்கும் தனி டப்பா வைக்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதியில் கைவிடப்பட்ட வண்டிகளில் பல, எது எங்கே இருந்தது என்று மறந்துபோனதால்தான் கைவிடப்படுகின்றன.

மூன்றாவது, வெகுநாள் நின்ற எஞ்சினை உடனே கிளப்பக் கூடாது. பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். டாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோலை வடித்துவிட வேண்டும்.

நான்காவது பிரேக். வண்டி ஓடுவதற்கு முன் அதற்கு நிற்கத் தெரிய வேண்டும்! பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உள்ளே துருப்பிடிக்கும். எண்ணெயையும் ரப்பர்களையும் மாற்றாமல் வண்டியை வீதிக்கு விடவே கூடாது.

பிள்ளைகள் கவனம்!

ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கிகள் கட்டாயம் வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூளை வாயால் ஊதுவதோ துடைப்பத்தால் பெருக்குவதோ நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அந்த வேலை செய்த உடைகளை வீட்டாரின் உடைகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பற்றரியின் அமிலமும், குடிக்கும் போத்தலில் ஊற்றி வைத்த பெற்றோலும் குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது.

கடைசியாகப் பத்திரம். அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். மாற்றம் செய்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் வண்டி தப்பிப் பத்திரம் தொலைந்தது. பத்திரமில்லாத வண்டி, எவ்வளவு அழகாக எழுப்பினாலும், முற்றத்தில் நிற்கும் பொம்மைதான்.

நல்ல தண்ணீரின் கணக்கு

இனித் தீவுக்கே உரிய சங்கதி. உப்புக் காற்றிலிருந்து வண்டியைக் காக்க ஒரு முக்கிய வழி, அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுவது. ஆனால் தீவகத்தில் நல்ல தண்ணீர் எங்கே கொட்டிக் கிடக்கிறது? உவர்க் கிணறுகளே அதிகம். மண்கும்பான், சாட்டிப் பக்கத்து மணல் நிலத்தில் நன்னீர்க் கிணறுகள் உண்டு. மற்ற ஊர்களில் குடத்தோடு காத்திருக்கும் பெண்களுக்குத்தான் ஒரு குடம் தண்ணீரின் அருமை தெரியும். உவர்நீரால் கழுவினால் வண்டிக்கு மேலும் உப்பையே பூசியதாகும். குடிநீரால் கழுவினால் வீட்டின் வாய்க்குத் துரோகம்.

இதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழையைக் கூரையிலிருந்து தொட்டியில் சேர்க்கலாம். துணி அலசிய கடைசித் தண்ணீரையும், வுழூச் செய்து வடியும் தண்ணீரையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்தாலே சக்கர இடுக்குகளைக் கழுவப் போதும். ஓடும் ஆற்றங்கரையில் நின்றாலும் தண்ணீரை வீணாக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாடம் பள்ளிவாசல் ஹவுளோடு நின்றுவிட வேண்டியதில்லை. வண்டிக் கொட்டில் வரைக்கும் வரலாம்.

பஞ்சத்தில் பிறந்த வண்டியைப் பஞ்சத்தைக் கண்ட மக்கள் காப்பாற்றினார்கள். அந்த மக்களின் திறமை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எழுதி வைக்கப்பட்டதல்ல. எந்தத் துருவைச் சுரண்டலாம், எதை வெட்டி எறிய வேண்டும், எந்தச் சொட்டைச் சேமிக்க வேண்டும் என்ற கணக்கு வாப்பாவின் கையிலும் உம்மாவின் கையிலும் இருக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்த அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் பழக்கம் பிள்ளைகளிடம் வளர்ந்துவிட்டது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பழைய வண்டியோ, தையல் இயந்திரமோ, மண்ணெண்ணெய் அடுப்போ ஒன்று மூலையில் கிடந்தால், இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுக்குமுன் உங்கள் மகனையும் மகளையும் அதன் முன் உட்கார வையுங்கள். வீட்டுப் பெரியவர் கழற்றட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும். அது மறுபடி ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, கற்றது கையில் நிற்கும். ஒக்டோபரில் ஒரே நாளில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் கொண்டு செல்ல முடிந்த சொத்து அது ஒன்றுதானே!