பாத்தியும் வரப்பும்

போன மாதம் என் பேத்தியோடு மரக்காணம் போய்வந்தேன். அப்பா உப்பு வாரிய பாத்திகளை அவள் பார்த்ததில்லை. இயற்பியல் ஆராய்ச்சிக்காகப் பிரான்சில் கிரெனோபிள் நகருக்குப் போகிறாள். மூன்று மாதமாக என்னிடம்தான் பிரெஞ்சு கற்கிறாள்.

புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி, பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்தப் படிப்பால்தான் அரசு எழுத்தர் வேலை கிடைத்தது. ஆனால் லீவுக்கு வரும்போது அப்பா, "என்னடா படிச்ச?" என்று கேட்டால், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிடுவேன்.

உப்புநீரின் அடர்த்தியை 'போமே' அளவில் சொல்வார்கள். 1768-இல் அந்த அளவை வகுத்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சுக்காரர். சுமார் 25 போமே வந்தால் உப்பு விளையத் தொடங்கும். அப்பா அதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அவருடைய தொழிலைப் பற்றிய அந்தச் சின்ன விஷயத்தைக்கூட நான் அவரிடம் சொன்னதில்லை.

வரப்பில் நின்றபடி பேத்தியிடம், "நீ என்னம்மா ஆராயப் போற?" என்றேன். "அது வந்து தாத்தா..." என்று தயங்கினாள். நான் அப்பாவிடம் சொன்ன பதில் எனக்கே வரப்போகிறதோ என்று மனம் திக்கென்றது. அவளோ பாத்திகளைக் காட்டிப் பேசத் தொடங்கினாள்.

சில உலோகங்களைக் கடுமையாகக் குளிர்வித்தால் மின்தடை அடியோடு மறைந்துவிடும். 1911-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஓன்ஸ் இதைப் பாதரசத்தில் கண்டார். மீகடத்தல் என்று பெயர். எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் ஓடுவதுதான் காரணம்.

அலுமினியத்தில் இது சுமார் மைனஸ் 272 டிகிரியில் நடக்கும். கொஞ்சம் ஆக்சிஜன் கலந்து அலுமினியத்தை மெல்லிய படலமாகப் படியவைத்தால், அது பொடிப்பொடி மணிகளாகிறது. மணிகளுக்கு நடுவே ஆக்சைடு சுவர்.

"மணிதான் பாத்தி தாத்தா, ஆக்சைடு வரப்பு."

வரப்பு மெலிதாக இருந்தால் எலக்ட்ரான் சோடிகள் அதை உடைக்காமலே ஊடுருவிவிடும். எல்லா மணிக்கும் ஒரே தாளம், படலம் முழுதும் மீகடத்தி. வரப்பு தடித்தால் ஒவ்வொரு மணியும் தன் போக்கில் போகும். மணிக்குள் சோடிகள் அப்படியே இருந்தாலும், படலம் மின்சாரத்தை விடாது.

"சின்னப் பாத்தியில ஒரு குடம் ஊத்தினாலே மட்டம் ஏறிடுமில்ல? அதுபோல சின்ன மணி இன்னொரு சோடியைச் சுலபமா ஏத்துக்காது." சோடிகளின் எண்ணிக்கை உறுதியாக உறுதியாகத் தாளம் கலைந்துவிடுமாம். இந்த மாற்றம் வெப்பத்தால் வருவதல்ல, எவ்வளவு குளிர்வித்தாலும் நடக்கும். அதனால்தான் குவாண்டம் நிலைமாற்றம் என்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை: வரப்பு அளவோடு இருந்தால் இந்த ஒழுங்கற்ற அலுமினியம், சுத்த அலுமினியத்தைவிடச் சற்றுக் கூடுதல் வெப்பத்திலேயே மீகடத்தியாகிவிடும். 1960-களிலேயே கண்டுபிடித்தும், ஏன் என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லையாம்.

"இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றேன். வடக்கே கையைக் காட்டினாள். இதே ஈ.சி.ஆர். ரோட்டில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், மூளையும் இதயமும் எழுப்பும் மிக நுண்ணிய காந்தப் புலத்தை அளக்கும் 'ஸ்குவிட்' கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டு மீகடத்திகள், நடுவே மெல்லிய வரப்பு. அதுதான் அதன் உயிர்நாடி.

பெரியவர் ஒருவர் உப்பு வாருவதை நிறுத்திவிட்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வரப்பு தடிச்சா தண்ணி எப்பிடிம்மா போவும்?" என்றார், ரொம்பத் தெரிந்த விஷயம் போல.

அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். நான் சொல்லிப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய பாடமாக வரப்புக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று வரவில்லை. அகராதியை எடுத்து இருவரும் தேடினோம்.