ஒன்றரைச் சுற்று

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியின் எந்த உறுப்பையும் தனியாக வாங்கிவிடலாம். கூவத்தை ஒட்டிய தெருக்களில் கழற்றிப் போட்ட இன்ஜின்களும் டேங்குகளும் நடைபாதையை மூடிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு சின்னக் கடை. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் கார்ப்பரேட்டர் தகராறு என்றால் அங்கே வருகிறார்கள். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். 1985இல் வந்து 1996இல் உற்பத்தி நின்றுபோன, 98 சிசி, டூ ஸ்ட்ரோக் வண்டி ஆர்எக்ஸ் 100. இன்றும் சாலையில் அதன் சத்தம் கேட்கிறதென்றால் இவரைப் போன்றவர்களின் கைகள்தான் காரணம்.

நான் போனபோது ஓர் இளைஞர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேறொரு கடையில் கார்ப்பரேட்டரைப் பிரித்து, சுத்தம் செய்து, ஜெட் முதலான உதிரிகள் கொண்ட புது ரிப்பேர் கிட் போட்டிருக்கிறார்கள். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, எடுத்தால் அணைந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டால் ரேஸ் உடனே இறங்குவதில்லை.

"எல்லாம் புதுசா போட்டாச்சு பாய். அப்பவும் ஐடிலிங் நிக்க மாட்டேங்குது."

பாய் கார்ப்பரேட்டர் பக்கமே போகவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனை வெளுத்திருந்தது. டியூபை உருவி, பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடித்தார். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் ஒழுக்கு மெலிந்துவிடும். இங்கே சீராகவே வந்தது. பிறகுதான் என்னிடம் சொன்னார்: "சோக் போட்டா பெட்ரோல் ஜாஸ்தி போகும் சார். அப்ப மட்டும் ஓடுதுன்னா, ஒண்ணு பெட்ரோல் பத்தல, இல்ல எங்கயோ காத்து இழுக்குது."

கார்ப்பரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பர் ஜாயிண்டைச் சுற்றி விரலால் கிரீஸ் பூசினார். ரேஸ் உடனே தணிந்தது. ரப்பரின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. கழற்றி மாட்டும்போது இழுபட்டுக் கிழிந்திருக்கலாம். ரிப்பேருக்குப் பிறகு வரும் கோளாறுகளில் பல இப்படி ரிப்பேரிலேயே பிறக்கின்றன. பலர் இதைத் தேடாமல், ஐடிலுக்கான காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்க்கிறார்கள்.

ஜாயிண்டை மாற்றியும் ஐடில் முழுதாக நிற்கவில்லை. இப்போதுதான் கார்ப்பரேட்டர் மேசைக்கு வந்தது. ஐடிலுக்குப் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். மயிரிழை போன்ற துளை அதற்கு. கிட்டில் வந்த ஜெட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார். துளையின் விளிம்பில் பிசிறு. நல்லவேளையாக அந்த இளைஞர் பழைய சாமான்களைப் பையில் போட்டு வைத்திருந்தார். அதிலிருந்த அசல் ஜெட்டில் காய்ந்த பெட்ரோல் பிசின் மட்டுமே அடைத்திருந்தது. கூட இருந்த பையன் கம்பியை எடுத்தான். "கம்பி விடாதடா, ஓட்டை பெருசாயிடும்" என்று தடுத்து, கிளீனரில் ஊறவைத்து ஏர் அடிக்கச் சொன்னார் பாய்.

ஜெட் எளிதில் தேயாது. த்ராட்டிலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊசியும் அது நுழையும் குழலும்தான் உரசித் தேயும். தேய்ந்தால் நடு வேகத்தில் பெட்ரோல் கூடுதலாகப் போய் வண்டி திணறும். மாற்ற வேண்டியதை விட்டுவிட்டு, மாற்ற வேண்டாததை மாற்றுவதுதான் கிட் போடும் பழக்கத்தின் கோளாறு என்பது என் எண்ணம்.

மூடுவதற்கு முன், கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினார். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சத்தம் வரும். கார்ப்பரேட்டரைக் கவிழ்த்து, பெட்ரோல் வரும் குழாயில் வாய் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. ஃப்ளோட் ஊசி சரியாக உட்காருகிறது, ஓவர்ஃப்ளோ ஆகாது. கையுறை இல்லாத கையும் பெட்ரோல் படும் உதடுமாக ஓர் ஆயுளையே கழித்தவர். பார்க்க மனம் பொறுக்கவில்லை. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அந்தத் தெருவில் யாரும் இவர்களுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்ததாகத் தெரியவில்லை.

வண்டியை நன்றாகச் சூடேற வைத்த பிறகே ட்யூனிங். ஏர் ஸ்க்ரூவை மென்மையாக முட்டும் வரை உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. அது தொடக்கம்தான். ஐடிலைச் சற்று உயர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, ரேஸ் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்தினார். பிறகு ஐடிலைக் குறைத்து மறுபடியும் அதே வேலை. கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தார். நடுவில் யாராவது பேசினால் கையைக் காட்டி நிறுத்தினார்.

பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். நடு வேகத்தில் லேசாக இழுவை குறைந்தது. த்ராட்டில் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்க, ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடியது. மறுபடி ஓட்டி வந்து பிளக்கைக் கழற்றினால், அவர்கள் சொல்லும் பிஸ்கட் கலர். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. டூ ஸ்ட்ரோக்கில் வெளுத்த பிளக்கோடு வேகமாக ஓட்டினால் சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். இந்தச் செட்டிங் சென்னைக்கு. இதே வண்டி 2,200 மீட்டர் உயர ஊட்டிக்குப் போனால் அங்கே காற்று மெலிந்திருப்பதால் பிளக் கறுத்துப்போகும்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்ஸிஜனும் இருப்பதால் பழைய ஜெட்டுக்குக் கலவை மெலிகிறது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர்கள் எத்தனாலைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் புது வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. கடையில் இருக்கும் பையனும் லேப்டாப்பில் வண்டி பார்க்கும் வேலைக்குப் போகவே ஆசைப்படுகிறான்.

கிட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள், ட்யூனிங் கூலி என்றதும் "ஸ்க்ரூதானே திருப்புனீங்க" என்கிறார்களாம். அன்று மதியம் முழுவதும் அந்தத் திருப்பலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால் வண்டியை அவசரப்படுத்தாமல் ஒரு நாள் அவரிடம் விடுங்கள். கழற்றிய பழைய ஜெட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ட்யூனிங் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.