கொள்ளு ரசம்

கொள்ளு ரசம் சாப்பிட்டு நான் இளைக்கவில்லை.

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கு வாக்கிங் போகிற அத்தனை பேருக்கும் இதன் மூலம் தெரிவித்துக் கொள்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் நான் சொல்லி வந்தது பொய். என் பேச்சை நம்பிக் கொள்ளு வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பித் தருவதற்கில்லை. மன்னிக்கவும்.

நடந்தது இதுதான். 2023 ஜூலையில், அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், என் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி என்று பெயர். பை மாதிரி இருக்கிற இரைப்பையை உள்ளேயே ஸ்டேப்ளர் போட்டு நறுக்கி, வாழைக்காய் சைஸுக்கு ஒரு குழாயாக ஆக்கிவிடுவது. வயிற்றைக் கிழிப்பதில்லை. ஐந்து சின்ன ஓட்டை, ஒரு காமிரா. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போது என் எடை 124 கிலோ. உயரம் ஐந்தடி ஆறங்குலம். இரண்டையும் வைத்து பி.எம்.ஐ. என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். எனக்கு 44 வந்தது. நாற்பதைத் தாண்டி, மற்ற வழிகளெல்லாம் தோற்று, டாக்டரும் சிபாரிசு செய்தால், ஆபரேஷன் செலவை இன்ஷூரன்ஸில் கேட்கலாம் என்று 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்திருக்கிறது. கணக்கில் நான் தாராளமாகப் பாஸ் செய்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்!

மற்ற வழிகளா? வெந்தயம், கோதுமைக் கஞ்சி, பேலியோ, ராத்திரி பட்டினி, எல்லாம் பார்த்தாயிற்று. ஏழு கிலோ இறங்கும். பத்து கிலோவாகத் திரும்பி வரும். பாங்க்கில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். அப்படி வட்டி கொடுக்கிற டெபாசிட் எங்கள் பாங்க்கில் கிடையாது. கூடவே பதினோரு வருஷத்துச் சர்க்கரை. ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் முகத்தில் மாஸ்க் மாட்டும் மிஷின் வேறு. பக்கத்தில் படுத்த சகதர்மிணிக்குப் பைலட்டோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி.

அம்மாவுக்கு 81 வயது. முதல் ஆட்சேபணை பஞ்சாங்க ரீதியானது.

"ஆடி மாசத்துல யாராவது வயத்துல கத்தி வைப்பாளா?"

இரண்டாவது, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வந்தது. "நான் போட்டுப் போட்டுத்தான் நீ இப்படி ஆயிட்டேன்னு எல்லாரும் சொல்லுவா. எனக்கும் அப்படித்தான் தோணறது." நான் தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன். பதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டயட்டீஷியன் பெண் கொடுத்த சட்டம்: பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 30 மில்லி. அதுவும் தெளிவாக இருக்க வேண்டும். வடிகட்டிய இளநீர், மோர்த் தெளிவு, ரசத் தெளிவு. அளப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் தந்திருந்தார்கள், இருமல் மருந்து மூடி மாதிரி. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டு வந்தாள்.

வெள்ளிப் பாலாடை. 54 வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பால் புகட்டியது.

"பிளாஸ்டிக்ல என்னத்துக்குக் குடிக்கணும்? ரெண்டு பாலாடைக்கு மேல அப்பவும் நீ குடிக்க மாட்டே. தூங்கிடுவே."

அளந்து பார்த்தேன். விளிம்பு வரை ஊற்றினால் ஏறக்குறைய 30 மில்லிதான். அதற்கப்புறம் மூன்று வாரம், காலண்டர் பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கு வைத்துக்கொண்டு, 54 வயதுக் குழந்தைக்குப் பாலாடையில் மோர் கொடுத்தாள். அழவில்லை. கை கூட நடுங்கவில்லை.

பசி என்று ஒன்று இல்லவே இல்லை. இது எனக்குப் புது அனுபவம். 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கிரெலின் என்று ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். 'சாப்பிடு, சாப்பிடு' என்று மூளைக்குத் தந்தி அடிப்பது அதுதான். பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில் சுரக்கிறது. என் மேல் பகுதி ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போய்விட்டது. ஆக, தந்தி ஆபீஸையே மூடியாயிற்று.

ஆனால் மூக்குக்கு யாரும் சொல்லவில்லை! கீழ் போர்ஷனில் அப்பளம் பொரித்தால் மாடியில் எனக்குக் கண் கலங்கும். எந்த வீட்டில் பெருங்காயம், எந்த வீட்டில் வெங்காய சாம்பார் என்று தெருவில் நடந்தபடி சொல்லுவேன். கனவில் ஒருத்தர் பந்திக்கு நடுவில் வந்து, என் இலைக்கு மட்டும் நெய் விடாமல் போனார். எழுந்து உட்கார்ந்து நிஜமாகவே கோபப்பட்டேன். வயிற்றைத்தான் நறுக்க முடியும் சார். மாலை நாலு மணிக்கு டிபன் என்று அரை நூற்றாண்டாகப் பழகிய மனசை எந்த ஸ்டேப்ளரால் நறுக்குவது?

மெதுவாக மசித்த பருப்பு, குழைந்த சாதம், ஏழாவது வாரம் அரை இட்லி. அரை இட்லிக்கு இருபது நிமிஷம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அப்புறமும் அரை மணி நேரம் கூடாது. முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சாதம். நம் ஊர் இலையில் இதைச் சாதிப்பது சாமானியமில்லை. பருப்பை ஓரத்தில் ஒரு கரண்டி வைத்துவிட்டுச் சாதத்தை மலையாகக் கொட்டுகிற பரம்பரை! அந்த வருஷம் நவராத்திரி மட்டும் எனக்கு அனுகூலம். சுண்டலை மருந்தாகவே சாப்பிட்டேன்.

அந்தத் தைரியத்தில்தான் பஜ்ஜி விஷயம் நடந்தது. மாட வீதிப் பக்கம் ஒரு கடை. ஒரே ஒரு வாழைக்காய் பஜ்ஜி. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று மூன்று வாயில் முழுங்கினேன். பஜ்ஜி மேல் குற்றமில்லை. நெஞ்சுக்கு நடுவில் யாரோ கல்லை வைத்த மாதிரி நின்றுவிட்டது. வாயில் எச்சில் நுரை நுரையாக வருகிறது. தெப்பக்குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பூக்காரம்மா ஓடி வந்து, "தண்ணி குடி, தண்ணி குடி" என்று பாட்டிலை நீட்டினாள். தண்ணீர் குடித்தால் இன்னும் மோசம். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாயங்காலத்துலயே ஆரம்பிச்சாச்சா?"

வெறும் மோர் தவிர எதையும் குடித்தறியாதவன், கபாலீஸ்வரர் சன்னிதியில் இந்தப் பெயரையும் வாங்கினேன்.

இளைப்பது என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. முதல் ஆறு மாதத்தில் 28 கிலோ. மோதிரம் கழன்று ஸிங்க்கில் விழுந்தது. நாலாம் மாதம் தலைமுடி சீப்போடு வந்தது. 'வரும், நிற்கும், கவலைப்படாதீர்கள்' என்றார் டாக்டர். அப்படியே நின்றது. மர பெஞ்சில் உட்கார்ந்தால் வலிக்கிறது. எனக்கும் பின்பக்கம் எலும்பு இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். தி.நகர் ரங்கநாதன் தெருவில் முன்பெல்லாம் கூட்டம் எனக்கு வழி விடும். இப்போது இடித்துவிட்டுப் போகிறார்கள். குறுகலான கேட்டைக் கண்டால் உடம்பு இன்னும் தானாகப் பக்கவாட்டில் திரும்புகிறது. எதிரே இருக்கிற இடத்தில் ரெண்டு பேர் போகலாம், இருந்தாலும் திரும்புகிறேன்.

அந்த மார்கழியில் ஒரு சபாவில் முதல் தடவையாகத் தனி ஆவர்த்தனம் முழுசாகக் கேட்டேன். முப்பது வருஷமாக அந்த நேரத்தில் நான் கேன்டீனில் இருப்பது வழக்கம்.

குறட்டை நின்றது. மாஸ்க் பரணுக்குப் போனது. சகதர்மிணிக்குத் தூக்கம் போயிற்று. சத்தமே இல்லாததால் பயந்துபோய், ராத்திரி இரண்டு மணிக்கு என் மூக்குக்கு எதிரே விரலை வைத்துப் பார்ப்பாள். சர்க்கரை மாத்திரையும் நின்றது. 1995-லேயே வால்டர் போரீஸ் என்ற அமெரிக்க சர்ஜன், எடைக்காகச் செய்கிற பைபாஸ் ஆபரேஷனில் சர்க்கரையும் இறங்குவதைப் பார்த்து, 'யார் நினைத்திருப்பார்கள்?' என்று தலைப்பிலேயே ஆச்சரியப்பட்டிருக்கிறார். ஆனாலும் குணமாகிவிட்டது என்று சொல்லக் கூடாதாம். தணிந்திருக்கிறது, திரும்பி வரலாம். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் சந்தா.

இனி பொய்க்கு வருகிறேன்.

2024 தை மாதம், தி.நகரில் ஒரு கல்யாணம். ஒரு மாமா என் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தி, "பயாப்ஸி பண்ணியாச்சா?" என்றார். நம் ஊரில் ஒருத்தன் இளைத்தால் அவனுக்கு ஏதோ வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். எனக்கு என்ன தோன்றியதோ, "அதெல்லாம் ஒண்ணுமில்லை மாமா. கொள்ளு ரசம், வாக்கிங்" என்றேன்.

"பேஷ்! 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு பெரியவா சும்மாவா சொன்னா?" என்று மண்டபத்தையே கூப்பிட்டுவிட்டார்.

நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். மரடோனா 2005-ல் வயிற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். நம் நாட்டில் நிதின் கட்கரி 2011-ல், அருண் ஜெயிட்லி 2014-ல். பேப்பரிலேயே வந்தது. மயிலாப்பூரில் மட்டும் கஷ்டப்பட்டு இளைத்தவன் ஞானி, ஆபரேஷன் பண்ணிக்கொண்டவன் பரீட்சையில் பிட் அடித்தவன். ஐம்பது வருஷமாக 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்று கேட்டுவந்த காதுக்கு, 'என்ன மன உறுதி!' என்பது அல்வா மாதிரி இருந்தது. விட மனசில்லை.

பூங்காவில் எனக்குச் சிஷ்யர்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் எப்போதும் மஞ்சள் டி-ஷர்ட்டில் வருவார். ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். 118 கிலோ. சர்க்கரை உண்டு. நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

2025 பிப்ரவரியில் ஒரு வாரம் அவரைக் காணவில்லை. அப்புறம் வந்தார். நடக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசமா ராத்திரி வெறும் கொள்ளு ரசந்தான் சார். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கிட்டேன். போன செவ்வாய் சுகர் 52-க்கு இறங்கி விழுந்துட்டேன். வீட்டுல வாயில சர்க்கரையைக் கொட்டி, ஆட்டோவுல தூக்கிட்டுப் போயிருக்காங்க. இவ்வளவு பண்ணியும் ரெண்டு கிலோதான் சார் குறைஞ்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களை மாதிரி மன உறுதி எனக்கு இல்லை. அதுதான் விஷயம்."

அந்த 'இல்லை'யை அவர் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பழக்கமானது. என் குரலேதான்.

சட்டையைத் தூக்கிக் காட்டினேன். காலை ஆறரை மணி, பொதுப் பூங்கா, எதிரே இரண்டு மாமிகள். ஐந்து தழும்பு. கூடவே காலியான சாக்கு மாதிரி தொங்குகிற தோல். அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். எல்லாவற்றையும் சொன்னேன். பஜ்ஜி, முடி, மாத்திரை, 82 கிலோவுக்கு வந்துவிட்டு அதற்கப்புறம் திரும்பி வந்திருக்கிற மூன்று கிலோ, இட்லி அடைத்துக்கொள்ளும் ஆனால் ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும் என்கிற அசிங்கமான உண்மை. 2024 ஏப்ரலில் சென்னையில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்துபோனதையும் சொன்னேன். அந்தப் பேப்பரை எங்கள் வீட்டில் அம்மா கண்ணில் படாமல் மடித்து ஒளித்து வைத்தோம்.

அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த பத்து நாள், நான் இடப்பக்கமாகச் சுற்றினால் அவர் வலப்பக்கமாகச் சுற்றுவார். சுற்றுக்கு இரண்டு தடவை நேருக்கு நேர் வருவோம். மரத்தைப் பார்த்துக்கொண்டு போவார்.

ஏப்ரலில் ஒரு நாள் கையில் ஃபைலோடு வந்து நின்றார். டாக்டரைப் பார்த்தாராம். போன மாதம்தான் இந்தியாவுக்கு வந்திருந்த வாரம் ஒரு தடவை போடுகிற ஊசியைப் பற்றியும் பேசினார்களாம், ஆபரேஷனைப் பற்றியும் பேசினார்களாம்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் எதுவும் சொல்லறதா இல்லை. ஒரு தடவை சொன்னது போதும்."

முதல் தடவையாகச் சிரித்தார். "ஒரே ஒரு சந்தேகம் சார். ஆபரேஷன் முடிஞ்சு முதல் வாரம் ரசத் தெளிவு குடுப்பாங்கன்னீங்களே... அது கொள்ளு ரசம் இல்லையே?"

மே மாதம் அவருக்குத் தேதி குறித்தார்கள். வீட்டில் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"இந்தா, கொண்டு போய்க் குடு. பிளாஸ்டிக்ல குடிக்க வேண்டாம்னு சொல்லு." பாலாடையைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். நான் வாசலைத் தாண்டும்போது மறுபடி கூப்பிட்டாள்.

"மூணு வாரம் கழிச்சு மறக்காம திருப்பி வாங்கிண்டு வந்துடு. வெள்ளி."