அருவிக்காக ஹல்துமுல்லைக்குப் போகலாமா?

வெளிநாட்டிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கொழும்புக்கு வந்து இறங்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எல்லவுக்கு எப்படியும் போகிறோம், ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கிறோம். அதோடு தியலும அருவிக்கும் போகத்தான் வேண்டுமா? ஓர் அருவிக்காக ஒரு நாளைச் செலவழிக்கலாமா?" நியாயமான கேள்விதான். விடுமுறை சில நாள்தான், வாகன வாடகை ஏறிக்கொண்டே போகிறது, மலை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வருகிறது. படத்தில் பார்த்ததை நம்பிப் போய், நேரில் பாறையில் ஒட்டிய நீர்க்கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களையும் எனக்குத் தெரியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருவி மட்டும் போதும் என்றால் போக வேண்டாம். அருவி விழுகிற மலையையும் அங்கே வாழ்கிறவர்களையும் சேர்த்துப் பார்க்க மனமிருந்தால், எல்லவில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது போங்கள்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலை, பெலிஹுல்ஓயாவைத் தாண்டியதும் மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. இடது பக்கம் மலைச்சுவர். அதன் தலைமாட்டில் ஹோர்ட்டன் சமவெளி, ஒஹிய, இதல்கசின்ன, அப்புத்தளை என்று வரிசையாக இடங்கள். 1924இல் பதுளையைத் தொட்ட ரயில்பாதை அந்த உயரத்தில்தான் ஓடுகிறது. வலது பக்கம் பள்ளம், அதற்கப்பால் உடவளவை வரைக்கும் விரிந்த தாழ்நிலம். மலைநாடு இங்கே படிப்படியாக இறங்குவதில்லை. ஒரே வெட்டில் முடிந்துபோகிறது. இலங்கையின் மிக உயரமான அருவியும் அதற்கு அடுத்த அருவியும் இந்த ஒரே பக்கத்தில், ஹல்துமுல்லையை நடுவில் வைத்து இருபுறமும் விழுவதற்கு அதுதான் காரணம்.

மேற்கே களுபஹன சந்தியில் திரும்பி மேலே போனால் பம்பரகந்த. 263 மீற்றர். நாட்டில் இதைவிட உயரமான அருவி கிடையாது. கிழக்கே பெரகலையைக் கடந்து கொஸ்லந்தைக்கு அப்பால் தியலும. 220 மீற்றர். பெயரும் புகழும் தியலுமவுக்குத்தான் அதிகம். அது நெடுஞ்சாலையிலேயே தெரிகிறது என்பதால். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரம் இருந்தபடியே பார்த்துவிடலாம். பம்பரகந்தவுக்கோ ஒடுங்கிய பாதையில் ஏறி, பைன் மரங்களுக்கு இடையே நடந்து போக வேண்டும். அந்த நடைக்காகவே எனக்கு அது பிடிக்கும். பைன் ஊசிகள் விழுந்து மெத்தென்று கிடக்கும் தரையில் காலடிச் சத்தம் கேட்காது. தண்ணீரின் சத்தம்தான் முதலில் வந்து சேரும்.

பக்கத்துப் பக்கத்து மலையில் பிறந்தாலும் இரண்டும் ஒரே ஆற்றில் சேர்வதில்லை. பம்பரகந்தவின் நீர் வளவை கங்கைக்குப் போகிறது. தியலுமவுக்கு நீர் தரும் பூனாகலை ஓயா கிரிந்தி ஓயாவுக்குப் போகிறது. முன்னது உடவளவை நீர்த்தேக்கத்தையும் பின்னது லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தையும் நிரப்பி, தெற்கின் வயல்களுக்குப் பாய்ந்துவிட்டுக் கடலில் சேர்கின்றன. திஸ்ஸமகாராமையில் தட்டில் விழும் சோற்றுக்கும் இந்த மலையின் மழைக்கும் நேர் உறவு இருக்கிறது. அருவியைக் காட்சி என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

ஹல்துமுல்லை சின்ன ஊர். கடைத்தெரு ஒன்று, பஸ் நிற்கும் இடம், சில தேநீர்க் கடைகள். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர் வந்த களைப்பில் பெரும்பாலோர் இங்கே பிளேன் டீயும் பருப்பு வடையும் முடித்துக்கொண்டு அப்புத்தளைக்கு ஏறிவிடுகிறார்கள். இந்த ஊருக்குப் பழைய கதை உண்டு. கீழ்நாட்டிலிருந்து ஊவா மலைப்பகுதிக்கு ஏறும் வாசல்களில் ஒன்று இது. போர்த்துக்கேயர் இங்கே ஒரு சிறு கோட்டை கட்டினார்கள். அதன் எச்சம் கட்டுகொடெல்ல என்ற இடத்தில் இருக்கிறது. 1630இல் ஊவாவின் மீது படையெடுத்து வந்த தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, கீழே வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெலவில் தன் படையோடு அழிந்துபோனார். மலையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால், பீரங்கி வைத்திருந்த படைக்கும் இந்த நிலம் ஏன் பிடிபடவில்லை என்பது புரியும். கதிர்காமத்துக்குப் போகும் மலையகக் குடும்பங்களுக்கு இதே சாலை இன்றும் பழகிய வழி. பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்கி முருகனிடம் போய்ச் சேர்கிறார்கள்.

கொஸ்லந்தைக்கு அப்பால் தியலுமவின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். குற்றாலத்தைப் போல் தலையைக் கொடுத்துக் குளிக்கும் அருவி இது என்று நினைத்து வராதீர்கள். அடிவாரத்தில் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும். தியலுமவின் சுகம் மேலே இருக்கிறது. பூனாகலைப் பாதையில் ஆட்டோவில் ஏறி, தோட்டத்தை ஊடறுத்து, பிறகு ஆளுயர மானாப்புல்லுக்குள் நடந்து இறங்கினால், விளிம்பில் விழுவதற்கு முன் தண்ணீர் பாறைக் குழிகளில் தங்கித் தங்கி வரும் இடத்துக்குப் போகலாம். கடைசிக் குழிக்கு அப்பால் பாறை முடிகிறது, ஆகாயம் தொடங்குகிறது. அங்கே நின்றபோது என்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச முடியவில்லை.

பாசி பிடித்த அந்தப் பாறையில் வழுக்கி உயிரை விட்டவர்களும் உண்டு. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை பெய்து நீர் திடீரென்று ஏறிவிடும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளாமல் இறங்க வேண்டாம். அவர் வேண்டாம் என்று கை காட்டினால் பேரம் பேசாமல் திரும்பிவிட வேண்டும்.

எப்போது போவது? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் ஹல்துமுல்லையைப் பற்றிய முக்கியமான விஷயம் எனக்குப் பிடிபட்டது. யூலை முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குக் காற்று தன் மழையை மலையின் மேற்குப் பக்கமே கொட்டிவிட்டு, கச்சான் என்னும் உலர்ந்த காற்றாக ஊவாவில் இறங்கி வீசுகிறது. தேயிலைச் செடி மெதுவாகத் துளிர்க்கிறது; சாரம் கொழுந்திலேயே தங்குகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி விலையும் தனிப் பெயரும் கிடைப்பது அந்த மாதங்களின் கொழுந்தால்தான். அதே மாதங்களில் அருவிகள் மெலிந்துபோகின்றன. ஒக்ரோபரில் மழை திரும்புகிறது, வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை அடித்துப் பெய்கிறது, அருவிகள் முழு உருவம் எடுக்கின்றன.

கொஸ்லந்தையில் என்னை மேலே ஏற்றிப்போன ஆட்டோக்காரத் தம்பியிடம், மழைக்காலத்தில் வந்தால் தண்ணீர் நிறைய இருக்குமா என்று கேட்டேன். "நெறைய இருக்கும் ஐயா. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த மாசம் நாங்க ராவுல தூங்க மாட்டோம்" என்றார். அவர் சொன்னதற்கு விளக்கம் தேவையில்லை. மீரியபெத்தை அங்கேதான் இருக்கிறது.

2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. வேலைக்கும் பள்ளிக்கும் புறப்பட்டுப் போயிருந்தவர்கள் தப்பினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிவந்த பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. மண்ணுக்குள் போனவர்களில் பலரின் உடல்கள் கடைசிவரை எடுக்கப்படவில்லை. அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பை மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையில் போதிய காலம் இருந்தது. மாற்றுக் காணியும் வீடும் கொடுக்கப்படவில்லை. உயிர் தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும், பிறகு மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். 2016இல்தான் மக்கல்தெனியவில் அவர்களுக்குப் புது வீடுகள் கையளிக்கப்பட்டன.

வெட்டி இறக்கிய சரிவு, அதன் மேல் கொட்டும் மழை. இந்த இரண்டும் சேர்ந்தே அருவியை உண்டாக்குகின்றன, இந்த இரண்டும் சேர்ந்தே மலையைச் சரிக்கின்றன. நாம் கைதட்டி வியக்கும் அழகுக்கு நடுவே நூறாண்டுப் பழைய லயத்தில் குடியிருக்கிறவர்கள், நிலத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறதா, ஊற்று கலங்கி வருகிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நாளைக் கடத்துகிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோது அந்த அச்சம் மறுபடி உண்மையானது. இதை அறிந்துகொண்டு பார்த்தவருக்கு அருவி சிறுத்துவிடுவதில்லை. எனக்கு அதன் பிரம்மாண்டம் கூடத்தான் செய்தது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. இந்த மலைகளில் முதலில் கோப்பிக்கும், 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலைக்கும் காடு வெட்டியவர்கள் திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து மன்னாரில் இறங்கி நடந்து வந்தவர்கள். அவர்களுடைய வருகையின் 200ஆவது ஆண்டை மலையகம் 2023இல் நினைவுகூர்ந்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் தேயிலையோடு வாழ்கிறார்கள். கொஸ்லந்தைக் கடையொன்றில் நீங்கள் வாய்திறந்து பேசினால், "எந்த ஊர்ங்க?" என்று கேட்பார்கள். தங்கள் தாத்தாவின் ஊர்ப் பெயரையும் சொல்வார்கள். எல்லவின் கஃபே வரிசைகளில் இந்தப் பேச்சு கிடைக்காது.

பக்கத்தில் பார்க்க வேண்டியதில் லிப்டன் இருக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், அப்புத்தளைக்கு அப்பால் தம்பேத்தன்னத் தோட்டத்தின் உச்சியில் உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்த இடம் அது. காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். பிறகு மூடுபனி ஏறிக் கண்ணை மறைத்துவிடும். அங்கே லிப்டனின் சிலை இருக்கிறது. ஏறும் வழியெல்லாம் சரிவில் கல் அடுக்கி மண்ணைத் தடுத்து நிறுத்திய அணைகள் இருக்கின்றன. அந்தக் கல்லை அடுக்கியவர்களின் பெயரை நான் எந்தப் பலகையிலும் பார்க்கவில்லை. கல்வரிசைகளை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

போகத் தீர்மானித்தால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் பம்பரகந்தவும் ஹல்துமுல்லையும். இரவு அப்புத்தளையில் அல்லது கொஸ்லந்தையில். மறுநாள் விடியற்காலையில் லிப்டன் இருக்கை, பிறகு பெரகலை வழியாக இறங்கித் தியலும. அதன்பின் வெல்லவாய வழியாக எல்லவுக்கோ கதிர்காமத்துக்கோ போய்விடலாம். சனவரி முதல் மார்ச் வரை எனக்குச் சரியாகப் படுகிறது. பெருமழை ஓய்ந்திருக்கும், பாறையில் தண்ணீரும் மிச்சமிருக்கும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கும் நாளில் போகாதீர்கள். பாதையின் நிலையை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லவிலிருந்து அரைநாள் வாடகைக் காரில் வந்து படமெடுத்துக்கொண்டு ஓடுவதானால், அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

தோட்டத்துப் பாதைகள் வேலை செய்கிறவர்களின் இடம். கொழுந்து பறிக்கும் அம்மாவைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். அவர் நிறுவைக்குள் கிலோ கணக்கை எட்டியாக வேண்டும், உங்களுக்காக நின்று சிரிக்க நேரமில்லை. அழைக்காமல் லயத்துக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். ஆட்டோவை உள்ளூரில் பிடியுங்கள், சோற்றை உள்ளூர்க் கடையில் சாப்பிடுங்கள், வழிகாட்டியை உள்ளூர் இளைஞர்களிலிருந்து எடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அங்கே எறிவது உடவளவைக்கும் லுணுகம்வெஹெரவுக்கும் போய்ச் சேரும். இவ்வளவும் செய்ய முடியும் என்றால், ஹல்துமுல்லை உங்கள் இரண்டு நாளுக்கும் தகுந்த இடம்.