நழுவிய பந்துக்கும் ஒரு மார்க்!

உங்கள் பேரனைப் பார்த்து ஒருவர், "நீ அவுட்! போய் உட்கார்!" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு மனசே ஆறவில்லை, போங்கள்! 2019-ஆம் ஆண்டு மே மாதம், நியூ ஜெர்ஸியில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்த சங்கதி இது.

பேரனுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைதோறும் பேஸ்பால் பயிற்சி. 1939-இல் பென்ஸில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட்டில் மூன்றே கோஷ்டிகளுடன் பிறந்தது 'லிட்டில் லீக்' என்ற சிறுவர் பேஸ்பால். பெரியவர்கள் மைதானத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி தூரம். சிறுவர்களுக்கு 60 அடிதான். ஆனால் பந்தின் கனத்தில் மட்டும் சலுகை கிடையாது. ஏறக்குறைய ஐந்து அவுன்ஸ்! அது ஒரு நாள் எங்கள் பையனின் உதட்டைப் பதம் பார்த்துவிட்டது. அன்று முதல் பந்து வந்தால் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

நான் போன முதல் சனிக்கிழமை கோச் ஒரு போட்டி வைத்தார். தரையோடு வரும் பந்தைத் தவறவிட்டவன் வெளியே. கடைசிவரை நிற்பவன் ராஜா. முதல் பந்திலேயே எங்கள் ராஜா வெளியே! அரை மணி நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ, அவனுக்குத்தான் அது கிடைக்கவில்லை!

கோச்சுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சட்டத்தையே மாற்றிவிட்டார். இரண்டு கட்சி. சுத்தமாகப் பிடித்து முதல் பேஸுக்கு எறிந்தால் இரண்டு மார்க். பிடி நழுவினாலும் பந்தை முன்னால் தடுத்து நிறுத்திவிட்டால் ஒரு மார்க். யாரும் வெளியேற வேண்டாம். முதலில் இருபது எடுத்த கட்சிக்கு ஜயம்.

அந்த ஒரு மார்க்கில் நியாயம் உண்டு. முன்னால் விழுந்த பந்தை எடுத்து எறிந்தால், ஓடி வருகிறவனை அப்போதும் மடக்கலாம். கால் சந்தில் புகுந்து போன பந்து போனதுதான்!

பிடிக்கும் வித்தையையும் சொல்லிக் கொடுத்தார். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, கையுறையைத் தரையில் வைத்து, மற்றக் கையை அதற்கு மேலே முதலை வாய் போலத் திறந்து வைக்க வேண்டும். பந்து வந்ததும், லபக்!

எங்கள் பையனின் முறை வந்தது. பந்து துள்ளி வந்தது. முதலை வாய்க்குத் தப்பி மார்பில் மோதிக் கீழே விழுந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஆனால் அவன் கண்ணை மூடவில்லை! குனிந்து எடுத்து எறிந்தான். "ஒரு மார்க்!" என்று அவன் கட்சிக்காரர்கள் குதித்தார்கள்.

அவன் கட்சி 19-க்கு 20 என்று தோற்றது. அது அவனுக்குத் தெரிந்ததாகவே காணோம். வீடு திரும்பியதும் ஒரு டென்னிஸ் பந்தை என் கையில் திணித்து, "தாத்தா, உருட்டுங்கோ!" என்றான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டி வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தவறவிட்டவனை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.

பிறகு என் முறையும் வந்தது. முழங்காலின் சம்மதத்தைக் கேட்காமலே நானும் முதலை வாயைத் திறந்தேன். எத்தனை மார்க் என்று மட்டும் கேட்காதீர்கள்!