கிள்ளைச் சேற்றில் நடக்கும் மீன்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகச் செல்லும் சாலை நம்மைப் பிச்சாவரம் படகுத்துறைக்குக் கொண்டு சேர்க்கிறது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடைநிலத்தில், ஏறத்தாழ 1,100 எக்டர் பரப்பில், சுரபுன்னையும் அலையாத்தியும் செறிந்து நிற்கும் உப்பங்கழிக் காடு அது. விடுமுறை நாளொன்றில் என் பேரனுடன் அங்கே சென்றிருந்தேன்.

நீர் வற்றும் வேளை. வேர்களுக்கிடையே வெளிப்பட்ட சேற்றில் விரல் நீளமுள்ள உயிர் ஒன்று துள்ளியது. "தாத்தா, இது சாலமாண்டரா? பாடப் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன்" என்றான் பேரன். "ஏதோ பல்லி, விஷமாயிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். உடனே அவன் படகில் கிடந்த கோலை எடுத்து ஓங்கினான். படகோட்டி தடுத்தார்: "அடிக்காதே தம்பி! பல்லி இல்லீங்க ஐயா, உளுவை மீன்."

அவர் காட்டிய அடையாளங்களையும் பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் வாசகர்களுக்குக் கூறுகிறேன். சாலமாண்டருக்கு விரல்களுள்ள கால்கள் உண்டு; செதில் இல்லை. நம் நாட்டில் அவ்வினம் டார்ஜிலிங் முதலிய கிழக்கு இமயப் பகுதிகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டுமே வாழ்கிறது. அதுவும் நன்னீர்க் குட்டைகளையே நாடும். பல்லிக்கும் கால்விரல்கள் உண்டு. சேற்று உளுவைக்கோ காலே இல்லை. மார்புத் துடுப்புகளை ஊன்றுகோலாக்கி நடக்கிறது. முதுகில் இரு துடுப்புகள் விரிகின்றன. கண்கள் தலையுச்சியில் பிதுங்கி நிற்கின்றன. உடலில் நீலப்புள்ளிகள் மின்ன, தலையை இருபுறமும் அசைத்துச் சேற்றுப் பாசியை மேய்வது 'போலியாப்தால்மஸ் போடார்ட்டி'. 'பெரியாப்தால்மஸ்' என்னும் மற்றோர் இனம் பூச்சிகளையும் சிறு நண்டுகளையும் பிடித்துண்ணும். செவுளறையில் நீரைத் தேக்கியும், ஈரத்தோல் வழியாகக் காற்றை ஏற்றும் இவை கரையில் உயிர்க்கின்றன. தோல் உலர்ந்தால் மூச்சு முட்டும். ஆகவே அடிக்கடி சேற்றில் புரள்கின்றன.

ஈரச்சேறே இவற்றின் உயிர். இக்காட்டின் சில பகுதிகள் நீரோட்டமின்றி உப்பேறிப் பட்டுப்போயிருந்தன. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊராரும் வாய்க்கால் வெட்டி, ஓதநீரைப் பாய்ச்சிக் கன்றுகள் நட்டனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் மறைவிலிருந்த ஊர்களில் சேதம் குறைந்தது.

உயிர்களுக்குப் பெயரிடும் பணியை இறைவன் முதல் மனிதனிடம் ஒப்படைத்தார் என்கிறது தொடக்க நூல். உற்றுநோக்காமல் நான் இட்ட பெயர், குற்றமற்ற ஓர் உயிரைப் பறித்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். திரும்பும் வழியில் பேரன் கோலைக் கீழே வைத்துவிட்டு, சேற்றிலிருந்த வளைகளை எண்ணிக்கொண்டே வந்தான்.