வேருக்கு எட்டும் ஈரம்

கரிசல் நிலத்தில் மக்காச்சோளம் விடிகாலையிலேயே இலை சுருட்டி நிற்கும். ஓரடி தோண்டி மண்ணை எடுத்தால் சில்லென்றிருக்கும். அழுத்தினால் உருண்டை சேரும். "ஈரம் இருக்குதே சார், அப்புறம் ஏன் வாடுது?" என்பார் நிலத்துக்காரர். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் குழி வெட்டி மண் பார்த்து வருகிற என்னிடம் கோடையில் அதிகம் வரும் கேள்வி இது.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. கரிசலின் களித்துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின்மேல் படலமாக ஒட்டியிருக்கும் தண்ணீரை மண் இறுகப் பிடித்துக்கொள்கிறது. காற்றழுத்தத்தைப் போல 15 மடங்கு விசையோடு இழுத்தால்தான் வரும் என்ற நிலை வந்ததும் பெரும்பாலான பயிர்கள் ஓய்ந்துவிடுகின்றன. அந்த நிலைதான் வாடும் புள்ளி. அப்போதும் கரிசலின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும். செடிக்கு அது இல்லாத தண்ணீர். சரளைச் செம்மண்ணோ, அந்தக் கட்டத்துக்குள் தன்னிடம் இருந்ததில் பெரும்பகுதியை வேருக்குக் கொடுத்துவிட்டிருக்கும்.

அமெரிக்க வேளாண் துறையில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இருவர் பலவகைச் செடிகளை வாடவிட்டு அளந்து 1912-இல் முடிவை வெளியிட்டார்கள். செடி மாறியதால் வாடும் புள்ளி பெரிதாக மாறவில்லை. மண் மாறியபோது மாறியது. இந்த முடிவின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. வறட்சி தாங்கும் பயிர் மண்ணைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஆழமாக வேர் விடுகிறது, அல்லது செலவைக் குறைக்கிறது. மரவள்ளி இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருப்பது அப்படித்தான்.

மழை நின்று, அதிகப்படி நீர் வடிந்தபின் தங்கும் ஈரத்துக்கும் வாடும் புள்ளிக்கும் இடைப்பட்டதுதான் பயிருடையது. நல்ல கரிசலில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 200 மி.மீ., மணற்பாங்கான செம்மண்ணில் 100 மி.மீ. வேர் 60 செ.மீ. இறங்கியிருந்தால் முறையே 120, 60. அதில் பாதி தீர்வதற்குள் தண்ணீர் கட்டிவிட வேண்டும். மீதியை எடுக்கப் பயிர் திணறும். கோடையில் நாளுக்கு 6 மி.மீ. செலவென்றால் கரிசல் 10 நாள் தாங்கும், செம்மண் 5 நாள். கிணறு ஒன்றுதான் என்பதற்காக இரண்டு நிலத்துக்கும் ஒரே முறை வைத்தால் செம்மண் கரும்பு பாதி நாள் பட்டினி கிடக்கும். பிறகு மொத்தமாகக் கட்டும் தண்ணீர் வேரைத் தாண்டிக் கீழே போகும், போட்ட யூரியாவையும் கூட்டிக்கொண்டு.

கல்வராயன் மலைச் சரிவுகளில் நிலைமை இன்னும் நெருக்கடி. சில இடங்களில் ஒரு முழத்துக்குள் பாறை தட்டும். 30 செ.மீ. மண், அதில் மூன்றில் ஒரு பங்கு கல் என்றால் பயிருக்குத் தேறுவது 20 மி.மீ. வானமே கொட்டினாலும் அதற்குமேல் நிற்காது. மிச்சம் கோமுகி ஆற்றில் இறங்கி அணைக்கு வந்துவிடும். அங்கே சாமையைக் காப்பாற்றுவது இடைவெளி விடாமல் பெய்யும் சின்ன மழைகள். ஆண்டு மழை அளவைக் காட்டி மலையில் வறட்சியே இல்லை என்று சொல்வது அந்த விவசாயிக்கு இழைக்கும் அநீதி.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரம் காட்டும் கருவி விளக்கு நிறத்தால் சொல்லும்: நீலமும் பச்சையும் போதும் என்று, ஆரஞ்சு குறைகிறது என்று, சிவப்பு உடனே பாய்ச்சு என்று. நல்ல கருவி. ஆனால் அதை வேர் ஓடும் ஆழத்தில் குத்த வேண்டும்.

அந்த ஆழம் பல வயல்களில் குறைந்துகொண்டே வருவதுதான் என் கவலை. டிராக்டர் மிதித்து மிதித்து ஓரடிக்குள் அடிமண் இறுகிப்போகிறது. அதற்குக் கீழே ஈரம் இருந்தும் வேர் போவதில்லை. உளிக்கலப்பையை ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை குறுக்கிலும் ஓட்டினால் கதவு திறக்கும். மண் ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் கீறல்தான் விழும், கெட்டிப்படை நொறுங்காது. அதனால் கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போதே ஓட்டிவிடச் சொல்கிறேன்.